பழவேற்காட்டுக் கெமிஸ்டின் சம்பளக் கணக்கு

பழவேற்காடு ஏரியை நம்பிய வீடுகளில் வருமானம் ஒரே சீராக வருவதில்லை. முகத்துவாரம் மணல் மூடினால் இறால் வரத்து குறையும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் தொழிலுக்குப் போக முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் 61 நாள் தடைக்காலம். ஏரிக்குள்ளும் பாடு முறைப்படி தன் முறை வந்தால்தான் வலை கட்ட முடியும். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பி.எஸ்சி. வேதியியல் முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ மணலியிலோ எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியிலோ தரக் கட்டுப்பாட்டு லேபில் கெமிஸ்டாகச் சேர்ந்தால், மாதந்தோறும் தவறாமல் வரும் ஒரே பணம் அந்தச் சம்பளம்தான். படகு எஞ்சின் பழுதும் தங்கையின் படிப்பும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஆகவே அந்தச் சம்பளம் உண்மையில் எவ்வளவு என்று சேரும் முன்பே தெரிந்தாக வேண்டும். வேலைக் கடிதத்தில் சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) மாதம் 18,000 என்று போட்டிருக்கிறது, அதில் அடிப்படைச் சம்பளம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,080, இ.எஸ்.ஐ. சுமார் 520, பணிக்கொடைக்கு ஒதுக்கும் சுமார் 430 எல்லாம் அந்த 18,000-க்குள்ளேயே அடக்கம். மீதி சுமார் 15,970. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,080, இ.எஸ்.ஐ. 120 போனால் கைக்கு வருவது 14,770 சொச்சம். சி.டி.சி. கணக்கை இப்படிப் போடுவதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் சம்பளச் சீட்டில் ‘பிடித்தம்’ என்ற இடத்தில் நிறுவனத்தின் 12 சதவீதத்தையும் சேர்த்து 24 சதவீதம் கழித்திருந்தால் அது சட்டமீறல்.

இதற்குப் பிறகுதான் ஊர்ச் செலவு. பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் பொன்னேரி போய் மின்சார ரயில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பைக்கும் பெட்ரோலும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை; இரவு ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அந்தப் பேருந்து இருக்குமா என்பது வேறு விஷயம். கம்பெனி பஸ் எதுவரை வரும், அதற்குப் பிடித்தம் உண்டா, ஷிப்டுக்கு நடுவே சாப்பாடு யார் செலவு என்று நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள். கேட்டதற்காக வேலை தர மறுக்கும் இடம், சேர்ந்த பிறகு நன்றாக நடத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ அறை எடுத்துத் தங்கினால் வாடகை, முன்பணம், கேன் தண்ணீர் சேரும்.

சம்பளத்தையும் விலைவாசியையும் சேர்த்துப் பார்ப்பது தொழிலாளியின் ஆசை மட்டுமன்று, சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு உணவு, துணி, வாடகை, எரிபொருள் என்று குறைந்தபட்ச ஊதியத்துக்கு அளவுகோல் வகுத்தது. ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், விலைவாசிப் புள்ளியோடு இணைந்த தங்கள் பஞ்சப்படிக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1991-இல் வந்த தீர்ப்பு, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை, திருமணம் போன்றவற்றுக்காகக் குறைந்தபட்ச ஊதியத்தில் 25 சதவீதத்தைச் சேர்க்கச் சொன்னது. மாத்திரை செய்யும் ஆலையில் எழுந்த வழக்கு இன்று எல்லாத் தொழிலாளருக்கும் பேசுகிறது. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் சென்னை விலைவாசிக் குறியீட்டை வைத்து மாறும். ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

லேபில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது பதவிப் பெயரைத்தான். ‘எக்ஸிகியூட்டிவ்’, ‘ஆபீசர்’ என்று அடையாள அட்டை கொடுத்துவிட்டு, நீங்கள் தொழிலாளி இல்லை, உங்களுக்கு ஓவர்டைம் கிடையாது என்பார்கள். நீதிமன்றம் பெயரைப் பார்ப்பதில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று பார்க்கும். சாம்பிள் எடுத்து, டைட்ரேஷன் செய்து, ரீடிங் எழுதுவது தொழில்நுட்பப் பணி. அது தொழிலாளி என்ற வரையறைக்குள் வரும். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

‘ட்ரெய்னி’ என்ற பெயரிலும் கவனம் தேவை. அப்ரெண்டிஸ் சட்டப்படி பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால்தான் நீங்கள் அப்ரெண்டிஸ். அது இல்லாமல் வருடக்கணக்காக முழு ஷிப்ட் பார்ப்பவர் தொழிலாளிதான். தமிழ்நாட்டுக்கே உரிய 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அந்த எண்ணிக்கையை உடைக்கத்தான் நடுவில் ‘பிரேக்’ கொடுப்பதும் காண்ட்ராக்டர் பெயரை மாற்றுவதும். வேலைக்குப் போன நாள்களை நீங்களும் தனியாகக் குறித்து வையுங்கள். காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் போனால் அதைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு. ஸ்ரீசிட்டியில் வேலை என்றால் ஆந்திர விதிகள் பொருந்தும், இந்த 480 நாள் சட்டம் அங்கே செல்லாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் உள்ளன. பணி நியமனக் கடிதம் கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கினாலோ இரண்டு வேலை நாளில் பாக்கி முழுவதும் தீர வேண்டும். படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகக் கணக்காகும். குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை. இரவு 7 மணிக்கு மேல் ஒரு பெண்ணை ஷிப்டில் போட அவருடைய ஒப்புதல் வேண்டும்.

இ.எஸ்.ஐ.யைப் பலர் காய்ச்சல் மாத்திரை வாங்கும் அட்டையாகவே நினைக்கிறார்கள். சம்பளம் 21,000 வரை உள்ளவர் அதில் வருவார். மாத வருமானம் 9,000-க்கு மேல் இல்லாத, உங்களைச் சார்ந்த அப்பா அம்மாவுக்கும் அதில் சிகிச்சை உண்டு. தொழில் குறைந்துபோன மீனவர் வீட்டுக்கு இது சம்பளத்தின் ஒரு பகுதி மாதிரி. வேலைக்குப் போகிற, வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் பணியிடக் காயமாகவே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஊர்ச் சாலையில் இருட்டில் பைக் ஓட்டுபவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உடல்நிலை மோசமாகி வீட்டில் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

லேபின் ஆபத்து உடனே தெரியாது. அமிலப் புகை அன்றே இருமலாகும், கரைப்பான்களும் ஈயமும் மெல்ல உடலில் சேரும். ஈய நச்சும் பென்சீன் நச்சும் சட்டம் பட்டியலிட்ட தொழில்சார் நோய்கள். கையாளும் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்கவும், உங்கள் மருத்துவப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கவும், உடனடி ஆபத்து இருந்தால் எச்சரிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆபத்து ஆலைச் சுவருக்குள்ளேயே நிற்பதும் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போயின. ஆபத்தான பொருள்களைப் பற்றிச் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் முன்பே சொல்லியிருந்தது.

குறை என்றால் எங்கே போவது? சம்பளம், ஓவர்டைம் குறைவுக்கு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். பாதுகாப்புக்கும் 480 நாள் கணக்குக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பி.எஃப். கட்டுகிறார்களா என்பதை யு.ஏ.என். எண்ணோடு பதிந்த செல்போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்து அன்றே பார்த்துவிடலாம். ஊதியத் தொகுப்புச் சட்டப்படி சம்பளக் கோரிக்கைக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு, ஆகவே போன வருடப் பாக்கி போனதுதான் என்று விட்டுவிட வேண்டாம். வக்கீல் கட்டணத்துக்குத் தயங்குபவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருடன் ஆலைத் தொழிலாளருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் ஏற்பாடு செய்யும். போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பேங்க் பாஸ்புக், அடையாள அட்டை, ஷிப்ட் அட்டவணையின் போட்டோ ஆகியவற்றின் நகலை எடுத்துச் செல்லுங்கள். வேலையை விட்ட பிறகு இவற்றைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குவது கடினம், வேலையில் இருக்கும்போதே மாதாமாதம் எடுத்து வையுங்கள்.