பேச்சு வாக்கில் சொன்ன கபோர்டு

ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு சிலர் சுடோகு போடுவார்கள். நான் கொஞ்ச நாளாக அமெரிக்க வக்கீல் தேர்வுக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கிறேன். படித்தது பி.ஈ., வக்கீலாகிற உத்தேசம் எதுவும் கிடையாது. சும்மா ஒரு கிறுக்குதான்.

தேர்வின் பெயர் மல்டிஸ்டேட் பார் எக்ஸாம். 200 கேள்வி, 6 மணி நேரம். 7 பாடங்களில் நான் எடுத்துக்கொண்டது இரண்டு: ஒப்பந்தச் சட்டம், சாட்சியச் சட்டம். ஒரு சின்னக் கதை சொல்லி, கீழே நான்கு விடை தருவார்கள். பெரும்பாலும் இரண்டு 'ஆம்', இரண்டு 'இல்லை'. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காரணம் ஒட்டியிருக்கும். முடிவைச் சரியாக ஊகித்தால் மட்டும் போதாது, காரணமும் சரியாக இருக்க வேண்டும். புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

முதல் மாதம் செவிவழிச் சாட்சியத்தில் செமத்தியாக அடி வாங்கினேன். ஓர் உதாரணம். மெக்கானிக் கார்க்காரரிடம், "பிரேக் சரியில்லை சார்" என்கிறார். அவர் கேட்காமல் ஓட்டிப்போய் ஒருவரை இடித்துவிடுகிறார். பக்கத்தில் நின்று இதைக் கேட்டவர் அந்த வாக்கியத்தைக் கோர்ட்டில் சொல்லலாமா?

எதை நிரூபிக்க என்பதைப் பொறுத்தது. பிரேக் நிஜமாகவே பழுது என்று காட்டவென்றால் அது செவிவழிச் சாட்சியம். விதிவிலக்கு எதிலும் அடங்காவிட்டால் ஏற்கமாட்டார்கள். சொன்ன மெக்கானிக்கைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லையே! ஆனால் கார்க்காரருக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது என்று காட்டவென்றால் அது செவிவழிச் சாட்சியமே இல்லை. மெக்கானிக் சொன்னது உண்மையா என்பது அங்கே கேள்வியே அல்ல, சொன்னாரா என்பதுதான். ஒரே வாக்கியம், இரண்டு உபயோகம். நான் வாக்கியத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் தோற்றேன்.

அங்கே வேலையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு சாட்சியம் உள்ளே வரலாமா என்று முடிவு செய்பவர் நீதிபதி. வந்ததை நம்பலாமா என்று முடிவு செய்வது ஜூரி. வாசலைத் தாண்டாதது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் ஜூரி காதுக்குப் போகாது.

ஒப்பந்தப் பாடத்திலும் இதே மாதிரி ஒரு வாசல் உண்டு: வாய்மொழிச் சான்று விதி. இரு தரப்பும் முழுமையான, இறுதியான ஒப்பந்தமாக ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்கு முன்னால் வாய்வார்த்தையாகப் பேசியதைக் கொண்டுவந்து அதில் சேர்க்க முடியாது. மோசடி போன்ற சில விலக்குகள் உண்டு. இந்தக் கேள்வி வந்தபோது நான் 'ஏற்கலாம்' என்று போட்டேன். தப்பு. ஏன் அப்படிப் போட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சில வருஷம் முன்னால் ஃபிளாட் வாங்கினபோது பில்டரின் ஆள், "கபோர்டு வேலையெல்லாம் சேர்த்துத்தான் சார் இந்த விலை" என்றார். மனைவியும் பக்கத்தில்தான் இருந்தாள். கட்டுமான ஒப்பந்தத்தில் கபோர்டு என்ற சொல்லே இல்லை. கூடவே, இதில் எழுதியவை மட்டுமே செய்து தரப்படும் என்று ஒரு வரி. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கபோர்டுக்குத் தனியாக ஒன்றரை லட்சம் ஆனது.

வக்கீல் நண்பனிடம் புலம்பினேன். "எழுத்துல இருக்கா?" என்று மட்டும் கேட்டான். "நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று கோபப்பட்டேன். அவன் என்னைப் பொய்யன் என்று சொல்லவே இல்லை. வாசலைப் பற்றிக் கேட்டான். நான் உள்ளே இருப்பதைப் பற்றிப் பதில் சொன்னேன். மெக்கானிக் கேள்வியில் செய்த அதே தப்பு.

நம் ஊர் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்கத் தேர்வில் ஒப்பந்தப் பாடத்தில் வரும் இந்த விதி, இங்கே சாட்சியச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஸ்டீபன் வரைந்த 1872 சட்டத்தில் 92ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 95ஆம் பிரிவு. அதில் ஒரு சின்ன ஜன்னலும் திறந்திருக்கிறது. ஆவணம் ஒரு விஷயத்தில் மௌனமாக இருந்து, வாய்மொழி ஏற்பாடு அதன் ஷரத்துகளோடு முரண்படாமலும் இருந்தால், அந்த ஏற்பாட்டை நிரூபிக்கலாம். ஆனால் ஆவணம் எவ்வளவு முறைப்படி எழுதப்பட்டது என்பதையும் கோர்ட் கவனிக்க வேண்டும்.

கபோர்டு விஷயத்தில் என் ஆவணம் மௌனம்தான். ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அந்த 'மட்டுமே' ஞாபகம் வந்தது. கபோர்டு உண்டு என்றால் அந்த வரியோடு முட்டுமே. என் கணிப்பில் ஜன்னலை மூடியது அந்த ஒரு சொல்தான்.

மனைவியிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னிக்கே எழுதி வாங்குங்கன்னு சொன்னேன்ல" என்றாள்.

சொன்னாளா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. எழுத்திலும் இல்லை.