லாபியில் நிற்கும் அவதாரம்

ராஜபாளையத்துலேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற பஸ்ல பின் சீட்டைக் கவனிச்சிருக்கீங்களா? நாலு பசங்க பிஜிஎம்ஐ லாபியில நிப்பாங்க. மேட்ச் ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள யார் பெரிய ஆள்னு முடிவாகிடும். எக்ஸ்-சூட் போட்டவன் சொல்ற இடத்துலதான் குதிக்கணும். டிஃபால்ட் டிரஸ்காரன் 'நூப்'.

இத்தனைக்கும் அந்த எக்ஸ்-சூட் ஒரு குண்டைக்கூடத் தடுக்காது. அப்புறம் எதுக்கு யூசி வாங்கி ஸ்பின் பண்றோம்?

விளக்கம் நம்ம ஊர்லயே இருக்கு. ஆண்டாள் சூடிக்களைந்த மாலை ஒவ்வொரு வருஷமும் திருப்பதி பிரம்மோற்சவ கருடசேவைக்குப் போகுது. அதே பூவும் துளசியும் கடையிலயும் கிடைக்கும். மதிப்பு பூவில் மட்டும் இல்லை. யார் சூடியது என்பதிலும், அதைத் தெரிந்து கொண்டாடும் மக்களிடமும் இருக்கிறது. ஸ்கின்னும் அப்படித்தான். எல்லாருக்கும் கிடைக்காது, 'நான் பழைய ஆள்'னு காட்டும், அதைப் புரிஞ்சுக்க ஒரு கூட்டம் வேணும்.

ஒரே வித்தியாசம், இங்கே சாவி கம்பெனி கையில். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. அக்டோபர் 30-ல் சர்வரும் நின்றது. வாங்கின ஸ்கின் எதையும் திறக்க முடியலை. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தப்போ பழைய கணக்கை மாத்திக்கக் கெடு கொடுத்தாங்க. தவறவிட்டவங்க மறுபடியும் 'நூப்'. விதிமுறைப்படி நாம வாங்குறது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, பொருள் இல்லை.

அதனால ஸ்பின் பண்றதுக்கு முன்னாடி யோசிங்க. அதைவிட முக்கியம், டிஃபால்ட் டிரஸ்ல நிக்கிற தம்பியையும் ஒரு தடவை கேளுங்க: "எங்கடா குதிக்கலாம்?"