ஏரி டிரவுட் மீனுக்கு ஏன் இத்தனை நிறம்?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள சுப்பீரியர் ஏரியில் பிடிபடும் ஏரி டிரவுட் மீன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே இனம் என்று நம்புவது கடினம். ஒன்று வெள்ளிபோல மின்னும், இன்னொன்று கரும்பச்சை. அறுத்தால் ஒன்றின் சதை வெள்ளை, மற்றொன்றில் ஆரஞ்சுச் சிவப்பு. சிவப்புச் சதைதான் உயர்ந்த ரகம் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அந்தச் சிவப்பு, மீன் தின்ற இரையைத்தான் காட்டுகிறது.

முதலில் தோலைப் பார்ப்போம். மீன் தோலில் மெலனின் என்ற கரு நிறமி உள்ள செல்கள் இருக்கின்றன. சுற்றுப்புறம் இருண்டிருந்தால் அந்த நிறமி செல் முழுவதும் பரவி, மீன் கறுக்கும். வெளிச்சமாக இருந்தால் நடுவில் குவிந்து, மீன் வெளிறும். பல வாரங்கள் ஒரே இடத்தில் வாழ்ந்தால் அந்தச் செல்களின் எண்ணிக்கையே மாறிவிடும். அதனால் தெளிந்த பெரிய ஏரிகளில் வெள்ளி நிற மீனும், இலைதழை ஊறித் தேநீர் நிறமான ஏரிகளில் கருமையான மீனும் கிடைக்கின்றன.

தூண்டில்காரர்களுக்கு நிறத்தைவிட நீரின் குளிர்ச்சிதான் முக்கியம். இந்த மீன் சுமார் 10 டிகிரி செல்சியஸ் நீரை விரும்பும். பனி உருகும் வசந்தத்தில் கரையோரமே கிடைக்கும். கோடையில் ஆழத்துக்குப் போய்விடுவதால், தூண்டிலைக் கனத்த எடை கட்டி இறக்கிப் படகில் மெதுவாக இழுப்பார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளையிட்டுப் பிடிப்பார்கள்.

சதையின் சிவப்புக்குக் காரணம் அஸ்டாக்சாந்தின் என்ற கரோட்டினாய்டு நிறமி. இதை மீனால் தானாக உருவாக்க முடியாது. பாசியில் தொடங்கும் கரோட்டினாய்டு, அதைத் தின்னும் மைசிஸ் போன்ற இறால் வகைச் சிற்றுயிர்கள் வழியே மீனுக்கு வருகிறது. அவற்றை நிறையத் தின்றால் சதை சிவக்கும். சிறு மீன்களையே தின்று வளர்ந்தால் பெரும்பாலும் வெளிறியிருக்கும்.

பரம்பரையும் உண்டு. சுப்பீரியரின் ஆழத்தில் வாழும் 'சிஸ்கோவெட்' என்ற வகையின் உடலில் கொழுப்பு மிக அதிகம். மேல்மட்டத்தில் வாழும் 'லீன்' வகையில் குறைவு. தீவனத்தையோ தொட்டியையோ மாற்றி ஒன்றை மற்றொன்றாக்க முடியாது.

நம் ஊரில் வண்ணமீன் வளர்ப்போருக்கும் முட்டைக்கோழி வளர்ப்போருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கோழித் தீவனத்தில் மஞ்சள் மக்காச்சோளமோ செண்டுமல்லிப் பூவோ சேர்த்தால் மஞ்சள் கரு நிறம் ஏறும். செண்டுமல்லியில் பெருமளவு இருப்பது லூட்டின். அது மஞ்சளைக் கூட்டும். தங்கமீன் ஜியாசாந்தின் என்ற நிறமியைத் தன் உடலில் அஸ்டாக்சாந்தினாக மாற்றிக்கொள்ளும். அது ஸ்பைருலினாவில் இருக்கிறது.

வெள்ளைத் தொட்டியில் மீன் வெளிறுவது தீவனக் குறையாக இல்லாமலும் இருக்கலாம். விலை உயர்ந்த நிறத் தீவனம் வாங்கும் முன், சில மீன்களை மட்டும் கரும்பச்சை நிறத் தொட்டிக்கு மாற்றி, பழைய தீவனத்தையே கொடுத்துச் சில வாரங்கள் பாருங்கள். கருமை கூடினால் காரணம் தொட்டி. சிவப்பும் மஞ்சளும் மட்டும் மங்கலாகவே இருந்தால் தீவனத்தைக் கவனியுங்கள்.