லாபம் வந்தால்தானே வரிவிலக்கு!

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த நிதி மசோதாவில் புதுத் தொழில்முனைவோருக்கு ஒரு சலுகை இருந்தது. வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏசி பிரிவு ஸ்டார்ட்-அப்களுக்குத் தரும் விலக்கு, 2030 ஏப்ரல் 1-க்கு முன் தொடங்கப்படும் நிறுவனங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. முதல் பத்தாண்டுகளில் தொடர்ந்து வரும் ஏதேனும் மூன்று ஆண்டுகளின் லாபம் முழுவதையும் கழித்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரைவேட் லிமிடெட்டாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிவு செய்திருக்க வேண்டும். அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். அதற்குப் பிறகும் கம்பெனியைக் குறைந்தபட்ச மாற்று வரி விடாது. எல்லாவற்றுக்கும் மேல், லாபம் வர வேண்டுமே!

திருப்பூரில் சொந்தப் பெயரில் பத்து மெஷின் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பவருக்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை. சொல்லப்போனால் வருமான வரி அவருக்குப் பெரிய கவலையும் அல்ல. அதே பட்ஜெட் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்கிறதே. அவரைக் கடிப்பது ஜி.எஸ்.டி. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். இரண்டு லட்சத்துக்கு பில் போட்டால் 5 சதவீதம், அதாவது பத்தாயிரம் ரூபாயை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் 18 சதவீத வட்டி. பில் பணம்? "பார்ட்டிகிட்ட இருந்து இன்னும் வரலைங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்."

சிறு நிறுவனங்களின் பாக்கியை அதிகபட்சம் 45 நாளில் தராதவர்கள், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவுக் கணக்கில் காட்டலாம் என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏப்ரலில் போட்ட பில்லுக்கு அடுத்த மார்ச் 31-ல் பணம் கொடுத்தாலும் அதே ஆண்டில் கழித்துக்கொள்ளலாமே! சட்டத்தைக் காட்டிக் கறாராகக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. சேவை வரி இருந்த காலத்தில், 2012 முதல், 50 லட்சம் வரை வரவுள்ள தனிநபர்களும் கூட்டு நிறுவனங்களும் பணம் கைக்கு வந்த பிறகே வரி கட்டினால் போதும் என்றிருந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அது போய்விட்டது. தொடங்கி மூன்றாண்டுகள் ஆகாத சிறு நிறுவனங்களுக்காவது அதைத் திருப்பித் தர ஜி.எஸ்.டி. கவுன்சில் முன்வர வேண்டும்.