பழைய கல்வி விளையாட்டுக் கருவிகளிலிருந்து படமும் இசையும் எடுப்பது எப்படி?

குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தருவதற்கென்றே சில விளையாட்டுக் கருவிகள் வந்தன. அமெரிக்காவின் லீப்ஃபிராக் நிறுவனம் 2003-இல் கையடக்கமான லீப்ஸ்டரை வெளியிட்டது. ஹாங்காங்கின் விடெக் 2004-இல் டி.வி.யில் இணைக்கும் வி.ஸ்மைலைக் கொண்டுவந்தது, அதே கார்ட்ரிட்ஜ்கள் ஓடும் வி.ஸ்மைல் பாக்கெட் பின்னால் வந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் இவை பழைய சாமான்களோடு போய்விடுகின்றன. இவற்றுக்கும் ஓவியர்கள் வரைந்தார்கள், இசையமைப்பாளர்கள் மெட்டுப் போட்டார்கள். அந்த உழைப்பு காப்பாற்றத் தகுந்தது.

முதலில் முழு நகல்

கார்ட்ரிட்ஜைத் திறந்தால் பல நேரம் விளையாட்டின் தரவு பதிந்த ரோம் சிப் கறுப்புப் பிசினால் மூடியிருப்பது தெரியும். பிசினைச் சுரண்ட வேண்டாம். விளிம்பில் உள்ள உலோகப் பட்டைகள் வழியாகவே படிக்கலாம். அவற்றோடு இணைத்த மைக்ரோகன்ட்ரோலர் (சிறு கட்டுப்பாட்டுக் கணினிச் சிப்) ஒரு முகவரியைக் கொடுத்தால், அந்த இடத்தில் உள்ள தரவை ரோம் சிப் தரும். முதல் முகவரியிலிருந்து கடைசிவரை படித்துச் சேமிப்பதுதான் டம்ப். 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது கெட்டுப்போகலாம். முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டையில் அழுக்கு இருந்தாலும் சிக்கல்தான். மிக மேல் முகவரிக் கம்பி தொடாமல் போனால், கோப்பின் இரண்டாம் பாதி முதல் பாதியை அப்படியே திரும்பச் சொல்லும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். கழற்றி மாட்டி மறுபடி படித்து, இரண்டு கோப்புகளின் ஹேஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றுதானா என்று பாருங்கள்.

படங்கள்

வி.ஸ்மைலில் இருப்பது சன்பிளஸ் சிப். 8, 16, 32, 64 பிக்சல் அளவுத் துண்டுகளை அடுக்கித்தான் அது திரையை நிரப்புகிறது. ஒரு பிக்சலுக்கு 2, 4, 6 அல்லது 8 பிட். 4 பிட் என்றால் 16 நிறம். பிக்சலில் இருக்கும் எண், வண்ணப் பட்டியலில் எத்தனையாவது நிறம் என்பதை மட்டுமே சொல்லும். அந்தப் பட்டியல் ஆட்டம் ஓடும்போதுதான் சிப்புக்குள் ஏறுகிறது. துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்தால் உருவம் சரியாக வரும், ஆனால் நிறம் மாறி முகம் பச்சையாகக்கூட இருக்கலாம். பழைய கருவிகளைப்போலவே கணினியில் இயங்கும் மேம் எமுலேட்டரில் ஆட்டத்தை ஓட்டி, அந்தந்தக் காட்சியின் பட்டியலை எடுத்துச் சேர்த்தால் உண்மை நிறம் கிடைக்கும்.

லீப்ஸ்டர் விளையாட்டுகள் மேக்ரோமீடியா ஃபிளாஷ் அடிப்படையில் ஆனவை. அங்கே படங்கள் பெரும்பாலும் கோடு, வளைவு, நிறம் பற்றிய குறிப்புகளாக இருக்கும். ஆகவே தேடும் முறையும் மாறுகிறது.

இசை

பாட்டு முழுதாக ஒரே ஒலிக்கோப்பாக இருப்பது அரிது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சிறு ஒலித்துணுக்குகள் ஓரிடத்தில் இருக்கும்; எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற குறிப்பு இன்னோரிடத்தில். சன்பிளஸ் சிப் 16 தடங்களில் இவற்றைக் கலந்து ஒலிக்கும். டம்ப்பை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கச்சாத் தரவாக இறக்கினால், பெரும்பகுதி இரைச்சலாகக் கேட்கும். நடுவே திடீரென ஒரு பியானோ தட்டலோ ஒரு சொல்லோ வரும். துணுக்குகள் அங்கேதான் இருக்கின்றன. முழுப் பாட்டு வேண்டுமென்றால் குறிப்பையும் படித்தறிய வேண்டும், அல்லது எமுலேட்டரின் ஒலியைப் பதிவுசெய்ய வேண்டும்.

எடுத்த படமும் பாட்டும் படைத்தவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரியவை. விற்பதற்கோ பரப்புவதற்கோ நமக்கு உரிமை இல்லை. கச்சா டம்ப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். விளையாட்டின் பெயர், மொழி, வெளியான நாடு, ஹேஷ் ஆகியவற்றை அதனோடு எழுதி வையுங்கள். இன்று தவறாகப் பிரித்த படத்தை நாளை நல்ல கருவியால் மறுபடி பிரிக்கலாம். அதற்கு மூலம் சிதையாமல் இருக்க வேண்டும்.