போலீஸ்காரர் யாரிடம் புகார் கொடுப்பார்?

எங்கள் தெருவில் ஒரு ஏட்டையா இருக்கிறார். தீபாவளியன்று ராத்திரி பதினோரு மணிக்குத்தான் டூட்டி முடிந்து வந்தார். அப்பாவுக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு சரத்தையும் பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டு, பையன் தூங்கிப் போயிருந்தான்.

"என்ன ஏட்டையா, நல்ல நாளில்கூட லீவு கிடையாதா?" என்று கேட்டேன்.

"நல்ல நாள்லதானே சார் எங்களுக்கு வேலையே!"

"ஒரு சங்கம் கிங்கம் வெச்சுக் கேக்கக் கூடாதா?"

மனுஷன் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார். "சார், பக்கத்து வீட்டுக்காரர் நீங்க. இதைக் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க!" என்றார்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அனுமதி இல்லாமல் போலீஸ்காரர் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது என்று தடுக்கவே 1966-ல் மத்திய அரசு தனியாக ஒரு சட்டம் போட்டது. ஊரார் புகாரையெல்லாம் எழுதிக் கொள்கிறவர், தன் புகாரை எங்கே போய் எழுதுவார்? இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு நகரத்துப் போலீஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போன கதையைக் கேளுங்கள்.

பாஸ்டன் நகரம், 1919. முதல் உலகப் போர் முடிந்து விலைவாசி கன்னாபின்னாவென்று ஏறியிருந்த நேரம். அங்கே போலீஸ்காரருக்கு வாரத்துக்கு 73 மணி நேர வேலை. சிலருக்கு 98 மணி நேரம்! (நாம் ஆபீஸில் ஆறு மணிக்கு மேல் பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக் கொள்கிறோம்.) யூனிஃபாரம் சொந்தக் காசில் தைத்துக் கொள்ள வேண்டும். செலவு 200 டாலருக்கு மேல். வருஷச் சம்பளமோ அதிகபட்சம் 1,400 டாலர். அடியேன் பி.காம். என்பதால் சட்டென்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட இரண்டு மாசச் சம்பளம் சட்டை பேண்ட்டுக்கே சரி! ஸ்டேஷன்களில் எலித் தொல்லை வேறு.

இலாகாவே ஆரம்பித்து வைத்த 'சோஷியல் கிளப்' ஒன்று இருந்தது. அதன் மூலம் கேட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1919 ஆகஸ்ட்டில் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தோடு சேர்ந்து நிஜமான சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். கமிஷனர் எட்வின் கர்டிஸுக்கு வந்ததே கோபம்! சங்கத் தலைவர்கள் 19 பேரை சஸ்பெண்ட் செய்தார்.

செப்டம்பர் 9, சாயந்தரம் ஐந்தே முக்கால் மணி. மொத்தம் 1,544 பேரில் 1,117 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள்.

அன்று ராத்திரி பாஸ்டன் எப்படி இருந்தது தெரியுமா? பார்க்கில் பகிரங்கமாகச் சூதாட்டம். கொஞ்ச நேரத்தில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். துப்பாக்கியோடு மாநிலக் காவல் படை வந்து இறங்கியது. கலவரம் அடங்குவதற்குள் ஒன்பது உயிர் போயிருந்தது.

அவர்களை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தொழிலாளர் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் கெஞ்சினார். கவர்னர் கால்வின் கூலிட்ஜ் தந்தியில் பதில் அனுப்பினார்: பொதுமக்கள் பாதுகாப்புக்கு எதிராக ஸ்டிரைக் செய்ய எவருக்கும், எங்கேயும், எப்போதும் உரிமை கிடையாது! அந்த ஒரே தந்தியில் மனுஷர் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டார். அடுத்த வருஷத் தேர்தலில் துணை ஜனாதிபதியாக ஜெயித்தார். 1923-ல் ஜனாதிபதியே ஆகிவிட்டார்.

ஸ்டிரைக் செய்தவர்கள்? ஒருவரைக்கூடத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. அவர்கள் இடத்தில் புதிதாக ஆள் எடுத்தார்கள் அல்லவா, அந்தப் புது ஆட்களுக்குக் கூடுதல் சம்பளம், கூடுதல் லீவு, இலவச யூனிஃபாரம்! கேட்டவன் தெருவில் நின்றான்; கேட்காதவனுக்கு வீடு தேடி வந்தது. பற்று ஒருவன் கணக்கில், வரவு இன்னொருவன் கணக்கில். எந்த ஆடிட்டரும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

அதே சமயம் இங்கிலாந்தில் வேறு மாதிரி நடந்தது. 1918-ல் லண்டன் போலீஸ் ஸ்டிரைக் செய்து சம்பள உயர்வு வாங்கியது. மறுவருஷமும் செய்தார்கள். இந்தத் தடவை ஸ்டிரைக் செய்தவர்களுக்கு வேலை போச்சு. ஆனால் அரசாங்கம் கொஞ்சம் யோசித்தது. 1919-ல் ஒரு சட்டம் போட்டு, சங்கத்துக்குத் தடை என்று சொன்ன கையோடு, 'போலீஸ் ஃபெடரேஷன்' என்று ஓர் அமைப்பையும் ஏற்படுத்திக் கொடுத்தது. பேசலாம், வாதாடலாம், ஸ்டிரைக் மட்டும் கூடாது! பாஸ்டனுக்கும் 1965-ல் சங்கம் வந்து சேர்ந்தது. அங்கேயும் ஸ்டிரைக் கிடையாது. மேஜையில் உட்கார்ந்து பேரம்தான்.

ஸ்டிரைக் இல்லாமல் என்னத்தைச் சாதிக்க முடியும் என்கிறீர்களா? நியூயார்க்குக்கு வாருங்கள்.

2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரம் இடிந்த அன்று 343 தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். தப்பித்தவர்கள் மாசக்கணக்கில் அந்த இடிபாட்டுப் புழுதியை மூச்சில் இழுத்தார்கள். வருஷங்கள் போகப் போக நுரையீரல் வியாதி, கான்சர். தீயணைப்பு, போலீஸ் சங்கங்கள் விடவில்லை. யூனிஃபாரத்தோடு வாஷிங்டனுக்குப் போய் எம்.பி.க்களின் அறை அறையாக ஏறி இறங்கினார்கள். 2011 ஜனவரியில் சிகிச்சைக்கும் நஷ்ட ஈட்டுக்கும் சட்டம் வந்தது. 2019-ல் பணம் போதவில்லை என்று நஷ்ட ஈட்டில் பாதிக்கு மேல் வெட்டப் போவதாக அறிவிப்பு! மறுபடி போனார்கள். லூயிஸ் அல்வாரெஸ் என்கிற ரிட்டயர்டு டிடெக்டிவ், மறுநாள் தனக்கு 69-வது கீமோதெரபி என்ற நிலையில் ஜூன் 11-ம் தேதி போய் சாட்சி சொன்னார். அந்த மாசம் முடிவதற்குள் இறந்துவிட்டார். ஜூலையில் செனட் 97-க்கு 2 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியது. நிதி இப்போது 2090 வரை நீடிக்கும். வியாதியில் இறந்த நியூயார்க் தீயணைப்பு வீரர்களின் எண்ணிக்கை 2024-க்குள் அந்த 343-ஐயும் தாண்டிவிட்டது. சங்கங்கள் அத்தனை தரம் போய் நிற்காவிட்டால் அந்தக் குடும்பங்களின் கதி?

அதற்காகச் சங்கம் என்றாலே சத்தியசந்தர்கள் என்று சொல்லவில்லை. தப்பு செய்த போலீஸ்காரரையும் சங்கம் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறது என்ற குற்றச்சாட்டு அமெரிக்காவில் ரொம்ப நாளாக உண்டு. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு அது பெரிசாக வெடித்தது. லீவுக்காகக் குரல் கொடுப்பது வேறு, லாக்கப் அடிக்காகக் குரல் கொடுப்பது வேறு. இந்தக் கோட்டைத் தாண்டாத சங்கத்தால் பொதுஜனத்துக்கும் லாபம்தான். தூங்காத டிரைவரின் பஸ்ஸில் ஏற நாம் பயப்படுகிறோம். தூங்காத போலீஸ்காரர் கையில் லத்தி இருந்தால் மட்டும் பரவாயில்லையா?

பக்கத்துக் கேரளாவில் அரசு அங்கீகாரத்தோடு போலீஸ் சங்கம் நடக்கிறது. அங்கே ஒன்றும் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

இதையெல்லாம் ஏட்டையாவிடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி ஏட்டையா, வாரம் ஒரு நாள் ஓய்வுன்னு உத்தரவு வந்துதே, எடுக்கிறீங்களா?"

"பந்தோபஸ்து இல்லாத வாரத்துல எடுக்கலாம் சார்."

"பந்தோபஸ்து இல்லாத வாரம் எப்ப வரும்?"

ஏட்டையா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அதைத்தான் சார் யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலை!"