பத்துப் படங்கள் போதும்

கல்விச் சுற்றுலா சென்று திரும்பியதும் நம் கைப்பேசிகளில் இருநூறு, முந்நூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன. பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் கோபுரம், முன்னால் வரிசையாக நிற்கும் மாணவர்கள். நாம் அங்கே போனோம் என்பதற்கு அவை சான்று. அங்கே எதைப் பார்த்தோம் என்று கேட்டால் அந்தப் படங்களில் விடை இருக்காது.

ஒளிப்படம் எடுப்பதையே உற்றுப் பார்ப்பதற்கான பயிற்சியாக மாற்ற முடியுமா? எட்டாம் வகுப்பு மாணவர்களைச் சனவரி மாதத்தில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்றபோது சில சோதனைகளைச் செய்து பார்த்தோம். ஆசிரியர்களின் மூன்று கைப்பேசிகளே எங்களிடம் இருந்த கருவிகள்.

முன்னோடி ஒருவர்

புறப்படுவதற்கு முதல் நாள் வகுப்பில் லின்னேயஸ் டிரைப் என்பவரைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலேயப் படை அதிகாரியான இவர், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகவும் பணியாற்றியவர். 1858இல் தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களுக்குப் பயணம் செய்து படமெடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டுகள் நீண்டு செல்கின்றன. ஒரே படத்துக்குள் அவை அடங்கா. எனவே டிரைப் சிறிது சிறிதாக நகர்ந்து தனித்தனியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே படமாக்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி!

மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருந்தது. பார்க்கும் பொருள் ஒரு சிக்கலைத் தருகிறது. அந்தச் சிக்கலுக்கு விடை தேடும்போது படம் எடுப்பவர் புதிதாக ஒன்றைச் செய்கிறார். படைப்பாற்றல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எண்ணிக்கைக்கு ஓர் எல்லை

ஐந்து பேர் கொண்ட ஆறு குழுக்கள். குழுவுக்குப் பத்துப் படங்கள் மட்டும். எடுத்ததை அழித்துவிட்டு மீண்டும் எடுக்கக் கூடாது. இந்த விதியைச் சொன்னதும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் கோயிலுக்குள் நுழைந்த பிறகு நடந்தது வேறு. கைப்பேசியை வாங்கியவுடன் யாரும் படமெடுக்கவில்லை. “இது வேணாம்டா, எல்லாரும் எடுக்கிறதுதான்”, “கிட்டப் போய்ப் பார்க்கலாம்” என்று பேசத் தொடங்கினார்கள். எதை விடுவது என்று முடிவு செய்ய, முதலில் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் அல்லவா?

மூன்று சோதனைகள்

முதலாவது, தொலைவு. ஒரே பொருளைத் தூரத்திலிருந்து ஒன்று, பத்தடியில் ஒன்று, கைக்கெட்டும் தொலைவில் ஒன்று என மூன்று படங்கள் எடுக்க வேண்டும். தூரத்தில் விமானம் மலைபோல் தெரிகிறது. அருகில் போனால் கற்களின் இணைப்பும் எழுத்துகளும் தெரிகின்றன. எது உண்மையான கோயில் என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே வந்தது.

இரண்டாவது, ஒளி. கல்வெட்டுகளை வைத்து இதைச் செய்தோம். சனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வடக்குச் சுவர் நிழலில் இருந்தது. அங்கே எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. தெற்குச் சுவரில் காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது, வெட்டப்பட்ட ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் மெல்லிய நிழல் நின்றது; எழுத்துகள் பளிச்சென்று எழுந்துவந்தன. ஒளிபற்றிய அறிவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. பள்ளியிலும் செய்யலாம். இருட்டாக்கிய வகுப்பறையில் ஒரு நாணயத்தின்மீது டார்ச் ஒளியை நேராகவும், பிறகு பக்கவாட்டில் தாழ்வாகவும் அடித்துப் படமெடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வரிசை. பத்துப் படங்களிலிருந்து மூன்றைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். வரிசையை மாற்றினால் பொருளும் மாறுவதை அவர்களே கண்டார்கள்.

ஒரு படம், ஒரு விவாதம்

ஒரு குழுவின் மூன்று படங்களில் விமானமே இல்லை. கல்வெட்டு, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகள், கால்பட்டுத் தேய்ந்த ஒரு படிக்கட்டு ஆகியவையே இருந்தன. படிக்கட்டுப் படத்தின் கீழ் ஒரு மாணவி, “இதைத் தேய்த்தவர்களின் பெயர் எங்கும் இல்லை” என்று எழுதியிருந்தாள்.

அரசன் பெயர் மட்டும்தான் கல்லில் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இராசராசன் தான் கொடுத்தவற்றோடு தன் அக்கா குந்தவை கொடுத்தவற்றையும் பொறிக்கச் செய்ததையும், கோயிலில் ஆடிய நானூறு பெண்களின் பெயர்கள் அங்கே வெட்டப்பட்டிருப்பதையும் சொன்னேன். “அப்போ கல்லைச் சுமந்தவங்க பேரு, சார்?” என்று உடனே கேட்டாள். வரலாறு யாரைப் பதிவு செய்கிறது என்ற கேள்விக்கு ஒரு மணி நேரப் பாடத்தில் நான் கொண்டுவர முடியாத இடத்துக்கு அந்த ஒரு படம் வகுப்பையே கொண்டுவந்துவிட்டது. அடுத்த இரண்டு வகுப்புகளும் அதிலேயே கழிந்தன.

மாற்றலாமா?

படங்களை மெருகேற்றும் செயலிகள் மாணவர்களுக்குத் தெரிந்தவையே. இங்கும் டிரைப் உதவினார். அக்கால ஒளிப்பட வேதிப்பொருள்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கியதால், படங்களில் வானம் வெறுமையாகப் பதிந்தது. டிரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். இது கலையா, பொய்யா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. முடிவில் ஒரு விதியை அவர்களே வகுத்தார்கள்: வெளிச்சத்தைக் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம், கறுப்பு வெள்ளையாக்கலாம், எதைச் செய்தாலும் படத்தின் கீழ் எழுதிவிட வேண்டும். இருந்த ஒருவரை நீக்குவதும், இல்லாத ஒன்றைச் சேர்ப்பதும் பதிவுப் படத்தில் கூடாது.

இன்னும் இரண்டு விதிகளை நான் சேர்த்தேன். மனிதர்களைப் படமெடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் நன்றி சொல்லி நகர வேண்டும். படமெடுக்கத் தடையுள்ள இடத்தில் கைப்பேசி பைக்குள் இருக்க வேண்டும்.

பயணம் தொலைவாக இருக்க வேண்டியதில்லை

சுற்றுலா செல்ல வாய்ப்பில்லாத பள்ளிகள் ஊர்க் குளத்துக்கோ சந்தைக்கோ நடந்து போகலாம். தொடக்க வகுப்புகளுக்குக் கைப்பேசியும் வேண்டாம். பழைய நோட்டு அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் வெட்டிக் கொடுங்கள். குழந்தை அதைக் கண்முன் பிடித்து, தனக்குப் பிடித்த காட்சியைத் தேர்ந்து, வகுப்புக்கு வந்து வரையட்டும்.

படம் அழகாக இருக்கிறதா என்று நாம் மதிப்பெண் போட வேண்டாம். “இதை ஏன் எடுத்தாய்? எதை விட்டுவிட்டாய்?” என்ற இரண்டு கேள்விகளைக் கேட்போம். இரண்டாவது கேள்விக்கு மாணவர் தயங்காமல் விடை சொன்னால், அவர் அந்த இடத்தை உண்மையிலேயே பார்த்துவிட்டார் என்று பொருள்.